பிடித்த பணம் பிள்ளைக்குப் போக வேண்டும்

அமெரிக்காவில் ஒரு கிடங்கில் என்னோடு இரவுப் பணி பார்க்கும் நண்பர், சென்ற வாரம் தம் சம்பளச் சீட்டைக் காட்டினார். மனைவியைப் பிரிந்தவர். குழந்தைப் பராமரிப்புக்கென்று பிடித்தம் செய்திருந்த தொகையின்மேல் விரலை வைத்து, "இதில் ஒரு காசுகூட என் மகனுக்குப் போவதில்லை" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. மகனை வளர்க்கும் தாய் 'டானஃப்' எனப்படும் அரசு உதவித்தொகையில் வாழ்கிறார். அதைப் பெற வேண்டுமானால், தகப்பனிடமிருந்து வரவேண்டிய பராமரிப்புத் தொகைக்கான உரிமையை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே அவர் கட்டும் பணத்தை, தாய்க்குக் கொடுத்த உதவிக்கு ஈடாக, மாநில அரசும் மத்திய அரசும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாதத்தின் முதல் 50 டாலரையாவது குடும்பத்துக்கு விட்டுவைக்க வேண்டுமென்று 1984-இல் ஒரு விதி வந்தது; 1996-இல் வந்த சட்டம் அதையும் எடுத்துவிட்டது. இப்போது கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

பெற்றவன் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏழையிடம் வாங்கி, அதைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் அரசே வைத்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தகப்பனுக்கே வேலை போய், அவரும் அரசு உதவியை நம்பி வாழ நேர்ந்தால் நிலைமை இன்னும் கொடியது. நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்ளாவிட்டால் கடன் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். மனுப் போடுவதற்கு முன் ஏறிய பாக்கியை, 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. தென் கரோலினாவில் டர்னர் என்ற தகப்பனுக்குப் பணம் கட்டும் வசதி உண்டா என்று தீர்மானிக்காமலேயே 12 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.

வேறு வழி இல்லாமலில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1997-இல் பணத்தை முழுவதுமாகக் குடும்பத்துக்கே கொடுத்துப் பார்த்தபோது, பணம் கட்டும் தகப்பன்மாரின் எண்ணிக்கை கூடியது. கொலராடோ 2017 முதல் அந்தந்த மாதத் தொகையை அப்படியே தாயிடம் சேர்க்கிறது. தான் கட்டுவது தன் பிள்ளையின் தட்டில் விழுகிறது என்று தெரிந்தால் எந்தத் தகப்பனுக்கும் கட்ட மனம் வரும்.

நண்பர் போன மாதம் மகனுக்குக் காலணி வாங்கிக் கொடுத்தார். அந்தச் செலவு கணக்கில் வராதாம், அது அன்பளிப்பாம்.