துப்புவதற்காகத்தான் ஹம்பர்க் வரை வந்தீர்களா?

அந்தக் காணொளியை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்தின் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் மிதவைத் துறையில், மீன் ரொட்டிக் கடை ஒன்றின் முன் நின்று நம்மவர் ஒருவர் ஒரு வாய் கடித்து, முகத்தைச் சுளித்து, "பச்சை மீன்" என்று கத்தியபடி குப்பைத் தொட்டியில் துப்புகிறார். பின்னால், ரொட்டியைப் பிளந்து வெங்காய வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்ப்பதும் பதிவாகியிருக்கிறது. அதற்கு ஒரு சிரிப்பு இசை வேறு.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. செய்து கொடுத்தவரின் கண்ணெதிரே துப்பாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில், அது பச்சை மீன் அன்று, மாட்யெஸ். இன்னும் முட்டையிடாத, கொழுப்பேறிய இளம் ஹெர்ரிங் மீனின் செவுளையும் குடலின் ஒரு பகுதியையும் நீக்கி, கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டு உப்புநீரில் ஊறவைக்கிறார்கள். அந்தக் கணையத்தின் நொதிகள்தாம் சதையை வெண்ணெய்போல் மென்மையாக்குகின்றன. "புழு இருக்குமே" என்கிறீர்களா? இப்படிச் சமைக்காமல் உண்ணும் மீனை மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அதுவும் வேண்டாமென்றால் மாவில் தோய்த்துப் பொரித்த பாக்ஃபிஷ் இருக்கிறது. கேட்டிருந்தால் அந்தப் பெண்மணியே சொல்லியிருப்பார். கேட்கத்தான் நேரமில்லை, படம் பிடிக்க இருந்தது.

1703ஆம் ஆண்டிலிருந்து ஞாயிறு விடியலில் மீன்சந்தை கூடுகிற ஊரில், மீன் நாறுகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் விமானம் ஏறி வந்திருக்கிறார்.

"நகைச்சுவைக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்பீர்கள். நான் இங்கே வந்த புதிதில், அம்மா ஊரிலிருந்து அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டுத்தான் வறுத்தேன். மேல்மாடி வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தியபடி இறங்கி வந்து, என் பிள்ளைகள் முன்னால், உள்ளே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கருவாட்டைச் சட்டியோடு வெளியே கொண்டுபோய்க் கொட்டினேன். எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் அதன்பின் கருவாடு கேட்டதே இல்லை.

"அவர்கள் நம்மைச் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்களே, மேல்மாடிக்காரருக்கு நான் கொடுக்காமல் விட்ட பதிலை, எல்பா நதியின் குளிர்காற்றில் நாள் முழுக்க நின்று ரொட்டி பிளக்கும் ஒரு பெண்ணிடமா கொடுப்பது? ஜெர்மன்காரருக்குக் கொடி பிடிக்கிறேன் என்று உள்பெட்டியில் எழுதியவர், நான் வறுத்த கருவாட்டுக்கும் சேர்த்தே பிடிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்த பாகம் மீன்சந்தையில் என்று அந்தக் காணொளிக்காரர் அறிவித்திருக்கிறார். ஐயா, பாக்ஃபிஷ் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால், காகிதத்தில் சுற்றி, கடைக்காரர் பார்வைக்கு எட்டாத தொட்டியாகப் பார்த்துப் போடுங்கள்.