காக்னி என்பது வசவு அல்ல

கிழக்கு லண்டனில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளை அதட்ட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: காக்னி. கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்களுக்கும் அவர்கள் பேசும் ஆங்கிலத்துக்கும் அதுதான் பெயர். "உப்பிடிக் காக்னி மாதிரிக் கதைக்காதை, ஒழுங்காக் கதை" என்று ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அந்தச் சொல் யாரைக் குறித்தது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல வாய் வராது.

இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குச் 'சேவல் முட்டை' என்று பொருள். சேவல் எங்கே முட்டையிடும்? கோணல்மாணலான சின்ன முட்டையை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்திலேயே, அது சொங்கிப் பையனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அப்புறம் நகரத்தில் வளர்ந்தவர்கள் எல்லோருமே செல்லம் கொடுத்துக் கெட்டவர்கள் என்று ஊர்நாட்டுப் பக்கம் ஏளனம் செய்யத் தொடங்கினார்கள். 1520இல் எழுதிய ஒருவர் லண்டனோடு யார்க் நகரத்துப் பிள்ளைகளையும் சேர்த்தே இந்தச் சொல்லால் திட்டுகிறார். 1600 வாக்கில்தான் அது லண்டன்காரர்களோடு ஒட்டிக்கொண்டது.

போகப்போக அது உழைக்கும் ஏழைகளின் பெயராயிற்று. தேம்ஸ் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வண்டியில் காய்கனி விற்றவர்கள், சந்தையில் மீன் அறுத்தவர்கள். 1889இல் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்ற துறைமுகத் தொழிலாளர்கள் இவர்கள்தான். உடம்பு நோகாதவன் என்று திட்டப் பிறந்த சொல், உடம்பு முறிய உழைத்தவர்கள் தலையில் போய் விழுந்திருக்கிறது.

'போ' தேவாலய மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவனே அசல் காக்னி என்பார்கள். பலர் நினைப்பதுபோல இது கிழக்கே இருக்கும் போ பகுதி அல்ல, லண்டன் நடுவே சீப்சைடு தெருவில் இருக்கும் செயின்ட் மேரி லெ போ தேவாலயம். 1941 மே மாதக் குண்டுவீச்சில் அந்த மணிகள் நொறுங்கின. 1961 வரை அங்கே மணியோசையே இல்லை. அந்த 20 ஆண்டுகளில் பிறந்தவர்கள் காக்னி இல்லையென்று அந்தப் பக்கத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்!

மணியோசையை விட, பேச்சும் பிழைப்பும்தான் அவர்களை அடையாளம் காட்டின. 'ஹவுஸ்' 'அவுஸ்' ஆகும். 'திங்க்' 'ஃபிங்க்' ஆகும். 'வாட்டர்' என்பதில் நடுவிலுள்ள 'ட்' தொண்டைக்குள் போய்விடும். எதுகைப் பேச்சு என்று ஒன்று வைத்திருந்தார்கள். 'ஹெட்' என்பதற்கு எதுகையாக 'லோஃப் ஆஃப் பிரெட்'. அதில் எதுகை விழும் 'பிரெட்'டையே வெட்டிவிட்டு 'லோஃப்' என்பார்கள். மூளையைப் பயன்படுத்து என்பதற்கு 'யூஸ் யுவர் லோஃப்'. விஷயம் தெரியாதவருக்குத் தலைகால் புரியாது. இதைக் கொச்சை என்பவருக்குக் காதில் ஏதோ கோளாறு என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் அதிகாரம் அப்படித்தான் சொன்னது. 1909இல் லண்டன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிக் கூடிய மாநாடு, காக்னிப் பேச்சு பேரரசின் தலைநகரில் வாழும் யாருக்கும் தகாதது என்று எழுதிவைத்தது. அதே பேரரசு நம் ஊர்களில் நம் பேச்சை எப்படி மதித்தது என்பது நமக்குத் தெரியாததா?

அப்போதும் இவர்கள் தலைகுனியவில்லை. ஹென்றி கிராஃப்ட் என்று ஒருவர். அனாதை இல்லத்தில் வளர்ந்து தெருக்கூட்டியவர். வண்டி வியாபாரிகள் காற்சட்டை ஓரத்தில் வரிசையாக முத்துப் பொத்தான் தைத்துக்கொள்வதைப் பார்த்து, தன் கோட்டு முழுக்கத் தைத்துக்கொண்டு ஏழைகளுக்காகக் காசு திரட்டினார். 'பேர்லி கிங்', அதாவது முத்துப் பொத்தான் ராஜா என்ற மரபு அவரில் தொடங்கியது. இன்றும் அந்தக் கோட்டோடு வந்து உண்டியல் குலுக்குகிறார்கள்.

போருக்குப் பிறகு பழைய காக்னிக் குடும்பங்கள் நிறையப்பேர் எசெக்ஸ் பக்கம், பேசில்டன், ஹார்லோ போன்ற புதிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன தெருக்களில் வங்காளிகள், கரீபியர்கள், நம்மவர்கள். நம் பிள்ளைகள் அங்கே பேசுவது பழைய காக்னி அப்படியே அல்ல. அதோடு கரீபிய ஏற்ற இறக்கமும் இன்னும் பலதும் கலந்த புதுப் பேச்சு. வேலைக்கான நேர்காணலில் இந்தப் பேச்சால் பிள்ளை தோற்றுவிடுமோ என்ற பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. அதற்கான ஆங்கிலத்தையும் சொல்லிக்கொடுங்கள், தாராளமாக. ஆனால் அந்தத் தெருவின் பேச்சை வசவாக்கிச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.