அதுக்குப் பதிலா

தம்பி: கொட்டிட்டேன்க்கா. ரெண்டாவது தடவையும் திரிஞ்சுபோச்சு.

அக்கா: எது?

தம்பி: தேங்காய்ப்பால். முதல் பாலை வாணலியில ஊத்திக் கொதிக்க விடச் சொன்னேல்ல? அஞ்சே நிமிஷத்துல எண்ணெய் தனியா, பால் தனியா. சிங்க்ல ஊத்திட்டேன்.

அக்கா: பாவி, அதுக்குத்தான்டா கொதிக்க விடச் சொன்னதே! பிரிஞ்சு வர்ற அந்த எண்ணெயிலதான் தாய்லாந்து கிரீன் கரி பேஸ்ட்டை வதக்கணும்.

தம்பி: தேங்காய்ப்பால் கொதிச்சா அம்மா கத்துவாங்களே?

அக்கா: அது சொதிக்கு. அங்க பால் கடைசியில, இங்க முதல்ல.

தம்பி: சரி, இப்போ பாக்கெட் பால் ஊத்தியிருக்கேன். இது பிரியவே மாட்டேங்குது.

அக்கா: பிரியக் கூடாதுன்னுதானே அதுல என்னென்னமோ சேர்க்கிறான். ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுக்கோ. பேஸ்ட் எங்க?

தம்பி: பாட்டில்ல வாங்கினேன். வெஜ்தான்க்கா, பச்சையா இருக்கு.

அக்கா: பச்சை மிளகாயை அரைச்சா மஞ்சளாவா இருக்கும்? பாட்டிலைத் திருப்பு. சின்னக் கட்டத்துக்குள்ள என்ன போட்டிருக்கு?

தம்பி: முக்கோணம். பழுப்பா.

அக்கா: அசைவம். என்னென்ன சேர்த்திருக்குன்னு படி.

தம்பி: மிளகாய், பூண்டு, உப்பு... ஐயோ, இறால்!

அக்கா: புளிக்க வச்ச இறால் விழுது. தாய்லாந்துக் கறி பேஸ்ட்ல பெரும்பாலும் இருக்கும். மீன் சாஸை மட்டும் நிறுத்திட்டா சைவமாயிடும்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க.

தம்பி: எடுத்துட்டு மீதியைப் போடட்டுமா?

அக்கா: அரைச்ச இறாலை எப்படிடா எடுப்பே? 'பீஸ் போடலைங்க, வெறும் குழம்புதான்'னு சைவக்காரங்க இலையில ஊத்துவானே ஒருத்தன், அவன் கூடப் பிறந்தவனா நீ? பாட்டிலை மூடி வை. மிக்ஸியை எடு. பேரரத்தை ஒரு அங்குலம்.

தம்பி: இல்லை. அதுக்குப் பதிலா இஞ்சி போட்டேன்.

அக்கா: இஞ்சிக் குழம்பா வைக்கிறோம்? நாட்டு மருந்துக் கடையில பேரரத்தை இருக்கும். காய்ஞ்சதுன்னா வெந்நீர்ல ஊறவச்சு, பொடியா நறுக்கிப் போடு. எலுமிச்சைப்புல் ரெண்டு தண்டு. அடியில மூணு அங்குலம் வெள்ளைப் பகுதி மட்டும்தான்.

தம்பி: மேல இருந்த இலையைப் போட்டுட்டேனே. அடியைத் தொட்டியில நட்டு வச்சிருக்கேன்.

அக்கா: அது முளைக்கிற வரைக்கும் நீ நாரை மென்னுக்கிட்டு இரு. கொத்தமல்லி வேர்?

தம்பி: வெட்டிக் குப்பையில போட்டுட்டேன். அதுக்குப் பதிலா தழை.

அக்கா: தழைன்னா தண்டோட போடு. சுண்டைக்காயாவது இருக்கா? அங்க கிரீன் கரியில போடுறது நம்ம ஊர்ச் சுண்டைக்காயேதான்.

தம்பி: இருக்குக்கா! வத்தல்.

அக்கா: மோர்ல ஊறி உப்பேறின வத்தல். வேண்டாம், கத்திரிக்காய் போடு. தாய்லாந்து எலுமிச்சை இலை?

தம்பி: அதுக்குப் பதிலா கறிவேப்பிலை. துளசியும் மாடத்துலயே பறிச்சுட்டேன்.

அக்கா: எலுமிச்சை இலைக்கு நார்த்தை இலை போட்டாலாவது பக்கத்துல வரும். வேப்பிலைக்கட்டிக்குச் சேர்ப்போமே, அதேதான். துளசியை அவங்க மிளகாய் பூண்டோட வதக்குற ஐட்டத்துக்கு வச்சுக்குவாங்க. கிரீன் கரிக்குப் போடுறது சோம்பு வாசனை வர்ற வேற துளசி. திருநீற்றுப்பச்சிலை அந்த இனம்தான், அதைக் கிள்ளி அடுப்பை அணைச்ச பிறகு போடு.

தம்பி: இறால் விழுது இல்லைன்னா உப்பு மட்டும் போதுமா?

அக்கா: போதாது, சப்புனு இருக்கும். மிசோன்னு ஜப்பான்காரங்க புளிக்க வைக்கிற சோயா விழுது, அது இல்லைன்னா வேற புளிக்க வச்ச சோயா விழுது, ஒரு டீஸ்பூன் சேர்த்து அரை. மீன் சாஸுக்கு லைட் சோயா சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன். அரை ஸ்பூன் வெல்லம்.

தம்பி: ஆக, நீ மட்டும் பதிலுக்குப் போடலாம்?

அக்கா: நான் புளிச்சதுக்குப் புளிச்சதைப் போடுறேன். நீ பச்சைக்குப் பச்சையைப் போடுறே. பேஸ்ட்டை வாசனை மாறுற வரைக்கும் வதக்கணும், மூணு நாலு நிமிஷம் ஆகும். சட்டுனு பாலை ஊத்தினா பச்சை வாசனை போகாது, அப்புறம் எவ்வளவு கொதிக்க விட்டாலும் சரியாகாது. சரி, சாப்பிட வர்றது யாரு?

தம்பி: மாமியார். அவங்க வெங்காயம் பூண்டு தொட மாட்டாங்க.

அக்கா: இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

தம்பி: நீ கேக்கலையே.

அக்கா: ரெண்டையும் விட்டுடு. தாய்லாந்துல சுத்த சைவத்துக்கு 'ஜே'ன்னு பேரு, அந்த மஞ்சள் கொடி தொங்குற கடைகள்லயும் ரெண்டும் கிடையாது. அங்க ஃபுகெட் தீவுல வருஷா வருஷம் ஒன்பது நாள் திருவிழா, ஊர் பூரா அந்தச் சாப்பாடுதான். அரத்தையைக் கொஞ்சம் கூட்டிக்கோ. காய்ஞ்ச காளானை ஊறவச்ச தண்ணியைப் பாலோட ஊத்து. வெள்ளை மிளகு அரை ஸ்பூனுக்கு முக்கால் ஸ்பூன்.

தம்பி: வெள்ளை மிளகு இல்லைக்கா. கருப்பு மிளகை நல்லாத் தேய்ச்சுக் கழுவினா?

அக்கா: டேய், அது பழுத்த மிளகை ஊறவச்சுத் தோலை உரிச்சு எடுக்கிறது. கருப்பையே போடு. நிறம் லேசா மங்கும், அவ்வளவுதான்.

தம்பி: அப்போ இதுக்குப் பதிலா அதைப் போடலாம்?

அக்கா: இதை மட்டும் போடலாம்.

தம்பி: போட்டுட்டேன்க்கா. அப்பவே.