விற்பனை எண்ணிக்கை மட்டும் போதாது

மின்சார வண்டி விற்பனை ஏறுகிறது, அந்தக் கம்பெனிகளின் பங்கை வாங்கிப் பத்து வருடம் வைத்திருங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கொஞ்சம் பொறுங்கள். 2020-ல் டெஸ்லாவின் நிகர லாபம் சுமார் 72 கோடி டாலர். மாசுக் கட்டுப்பாட்டு கிரெடிட்டுகளை (புகை விடாத வண்டி விற்பதற்கு அரசு விதிகளின்படி கிடைக்கும் புள்ளிகள்) மற்ற கார் கம்பெனிகளுக்கு விற்று வந்ததோ 158 கோடி. அதை எடுத்துவிட்டால் நஷ்டம்தான்! எனவே கிரெடிட், மானியம் இரண்டையும் கழித்துவிட்டு ஒரு வண்டிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

அடுத்து, கையிலுள்ள ரொக்கத்தைக் காலாண்டுக்குக் கரையும் பணத்தால் வகுங்கள். விடை நாலைந்து என்றால் ரொக்கம் நாலைந்து காலாண்டுதான் தாங்கும்; புதுப் பங்கு வெளியீடோ கடனோ வரத்தான் போகிறது. 10 கோடிப் பங்குகள் 15 கோடியானால் உங்கள் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு காலி. பேட்டரி வாரண்டி பெரும்பாலும் எட்டு வருடம். விற்பனைக்கு ஈடாக வாரண்டி ஒதுக்கீடு (பின்னால் வரும் பழுதுச் செலவுக்காக இப்போதே கணக்கில் ஒதுக்கும் தொகை) ஏறாவிட்டால் அந்த லாபக் கணக்கை நான் நம்பமாட்டேன்.