கோட்டை என்று சொல்லாதீர்கள்

சிவகங்கை மக்களவைத் தொகுதியை 'ப. சிதம்பரம் குடும்பத்தின் கோட்டை' என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடிக்காரனான என்னால் இதை ஏற்க முடியவில்லை. 1999-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் நின்ற சிதம்பரத்தையே தோற்கடித்த தொகுதி இது. 2009-ல் அவர் ஜெயித்தது வெறும் 3,354 ஓட்டில். இதில் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்தால், ஒன்றுக்கு 600 கூடத் தேறாது. 2014-ல் காங்கிரஸ் தனித்து நின்றபோது அவர் மகன் கார்த்திக்கு நான்காம் இடம். அதே கார்த்தி தி.மு.க. கூட்டணியில் 2019-ல் 3.32 லட்சம், 2024-ல் 2.05 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். கூட்டணிக் கணக்கைச் சொல்லாமல் குடும்பப் பெருமை பேசுவது நியாயமா?

அப்புறம், எங்கள் செட்டிநாடு என்றால் நகரத்தார் என்கிற செட்டியார்களின் வீடுகள் மட்டுமல்ல. எங்கள் தெருவில் பூட்டிய வீட்டு நிலைக்கதவுகளில் பூத் சிலிப்பைச் செருகிவிட்டுப் போகிறார்கள், எடுக்க ஆளில்லை. முடிவைத் தீர்மானிப்பது மானாமதுரை, திருப்பத்தூர் பக்கத்து விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். 2008 தொகுதிச் சீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே போய், அதிலிருந்த ஆலங்குடி எங்களோடு சேர்ந்தது. அந்த மக்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.