அரிப்பு அடங்கினால் படர்தாமரை மாறிவிட்டதென்று அர்த்தமில்லை

படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று விளக்கும் ஒரு கட்டுரையை வாசித்தேன்; அது வியர்வையையும் இறுக்கமான உடுப்பையும் சொல்கிறது. பாமசியில் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீரொயிட் கிறீமைச் சொல்லவேயில்லை. கொழும்புப் புழுக்கத்தில் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

குளோபெட்டசோல், பெட்டமெத்தசோன் போன்ற ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் சிவப்பும் அரிப்பும் குறையும். அடங்குவது உடம்பின் எதிர்ப்புத்தான். படர்தாமரைக்குக் காரணமான பங்கசு (பூஞ்சை) தடையில்லாமல் பரவும். நிறுத்தியதும் முன்னையதைவிடப் பெரிதாகக் கிளம்பும், மறுபடி அதே டியூப். போகப்போக வட்டமும் செதில் பிடித்த விளிம்பும் அழிந்து எக்ஸிமா போலத் தெரியும், வைத்தியரே தடுமாறக்கூடும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு முற்றாக மறையாது.

தயவுசெய்து அந்த டியூபை ஒளிக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். விளிம்பில் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டு விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசு இழைகள் தெரியும். பங்கசைக் கொல்லும் டெர்பினஃபைன் கிறீம் தந்தால் விளிம்பைத் தாண்டி 2 சென்ரிமீற்றர் வரை பூசுங்கள். தோல் தெளிந்த பிறகும் சொன்ன நாள்வரை விடாதீர்கள். வீட்டில் அரிப்புள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் காட்டவேண்டும், துவாய் ஆளுக்கொன்று. ஆஸ்துமாவுக்கு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.