பிரைமரி எங்கள் தேர்தல், கட்சி மேலிடம் தள்ளி நிற்கட்டும்

ஊரிலிருந்து பேசும் நண்பர்களிடம் அமெரிக்க அரசியலைப் பற்றிச் சொல்லும்போது நான் முதலில் பெருமையாகச் சொல்வது, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலைத்தான். நம்மூரில் வேட்பாளர் பட்டியல் மேலிடத்திலிருந்து வரும். யாருக்கு சீட் என்பது தொகுதிக்காரனுக்கே டிவி பார்த்துத்தான் தெரியும். இங்கே டெக்சஸில், கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய் முடிவு செய்கிறார்கள். அதற்குக் கட்சி உறுப்பினர் அட்டைகூடத் தேவையில்லை.

அந்தப் பெருமையில் 2018-ல் விழுந்த கீறல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் இருப்பது ஹியூஸ்டன் மேற்குப் பகுதி, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி எண் 7. 1966-ல் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் ஜெயித்ததிலிருந்து குடியரசுக் கட்சியின் கோட்டை. ஆனால் 2016-ல் இதே தொகுதியில் ஹிலரி கிளிண்டனுக்கு ட்ரம்ப்பைவிடச் சற்று அதிக வாக்கு விழுந்தது. 2018-ல் ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் ஜனநாயகக் கட்சியில் ஏழு பேர் களமிறங்கினார்கள். அவர்களில் ஒருவர் லாரா மோசர், ஹியூஸ்டனில் பிறந்த எழுத்தாளர், கொஞ்சம் இடதுசாரிச் சாய்வு உள்ளவர்.

முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கட்சியின் தேசியத் தேர்தல் குழுவான டிசிசிசி, மோசருக்கு எதிரான குறிப்புகளைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டது. எதிர்க்கட்சிக்காரரைத் தாக்கத் தயாரிக்கும் அதே வகைக் குறிப்புகள், சொந்தக் கட்சி வேட்பாளர்மேல்! டெக்சஸின் பாரிஸ் என்ற சிற்றூரில் வாழ்வதைவிட மயக்க மருந்தில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்வேன் என்று 2014-ல் ஒரு கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். பாரிஸ் எங்கே, ஹியூஸ்டன் எங்கே? காரில் பல மணி நேரப் பயணம். ஆனால் அந்த வரியை வைத்து, டெக்சஸ் வாழ்க்கையையே வெறுப்பவர் இவர் என்று காட்டினார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மோசருக்கு வாக்களிக்கவில்லை. அவரைவிட, அந்த ஏழு பேரில் இன்னொருவரான லிசி ஃபிளெட்சர் பொருத்தமானவர் என்று நினைத்தேன், இப்போதும் அதில் மாற்றமில்லை. ஆனால் அது நானே யோசித்து எடுத்த முடிவு. அதை எனக்காக வாஷிங்டனில் இருந்து எடுக்க வந்தது யார்?

பலன் என்ன ஆனது? மோசருக்கு நன்கொடை குவிந்தது. அவர் இரண்டாவதாக வந்து, மே மாத இரண்டாம் சுற்றுக்கும் போனார். அங்கே ஃபிளெட்சர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளில் ஜெயித்தார். நவம்பரில், பதவியிலிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் கல்பர்சனையும் தோற்கடித்தார். "பார், மேலிடம் சொன்னதுதானே சரி" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் சுற்றிலேயே ஃபிளெட்சர்தான் முன்னிலை. தொகுதி மக்களை அவர்கள் போக்கில் விட்டிருந்தாலும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அதே தேர்தலுக்காக கொலராடோவின் 6-ஆவது தொகுதியில் லீவை டில்மன் என்ற வேட்பாளரைச் சந்தித்த ஸ்டெனி ஹோயர், போட்டியிலிருந்து விலகும்படி கேட்டுக்கொண்டார். ஹோயர் அப்போது பிரதிநிதிகள் அவையில் ஜனநாயகக் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர். டில்மன் அந்தப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் வெளியே தெரிந்தது. பதிவாகாமல் போன உரையாடல்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

அப்புறம் மிச்சிகன், 2022. எனக்கு மிகவும் கோபம் வந்தது இதில்தான். பீட்டர் மையர் குடியரசுக் கட்சிக்காரர். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்துக்குப் பின் ட்ரம்ப்புக்கு எதிரான பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்த அக்கட்சியின் பத்து பேரில் ஒருவர். அக்கட்சியின் பிரைமரியில் அவரை எதிர்த்து நின்ற ஜான் கிப்ஸ், 2020 தேர்தல் முடிவையே ஏற்காதவர். டிசிசிசி 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து விளம்பரம் போட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் கிப்ஸைத் திட்டுவது போலிருக்கும். ஆனால் "ட்ரம்ப்பின் ஆள்" என்று அடையாளம் காட்டி, அக்கட்சி வாக்காளர்களிடம் அவரைத் தூக்கிவிடுவதுதான் நோக்கம். கிப்ஸ் ஜெயித்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஸ்கோல்டன் அவரைத் தோற்கடித்ததால், கணக்குப் பலித்தது என்றார்கள். ஒரு நாள் முழுக்க ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று சொல்லி நன்கொடை கேட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பணத்தில் அந்த ஆபத்துக்கே ஏணி வைத்துக் கொடுப்பதா? மனசாட்சிப்படி நடந்தவருக்குக் கிடைத்த பரிசா இது?

கலிபோர்னியா வேறு கதை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே எல்லாக் கட்சியினரும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், முதல் இருவர் மட்டுமே நவம்பருக்குப் போவார்கள். ஒரு கட்சியில் கூட்டம் அதிகமானால் வாக்கு சிதறி, அக்கட்சிக்கு ஆளே இல்லாமல் போகலாம். அங்கே மேலிடம் பேசிச் சமாதானம் செய்வதில் நியாயம் இருக்கிறது. மற்ற இடங்களில் அந்தச் சாக்கு செல்லாது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2021 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு எங்கள் 7-ஆவது தொகுதி ஜனநாயகக் கட்சிக்குப் பாதுகாப்பான இடமாகிவிட்டது. நாடு முழுக்கப் பெரும்பாலான தொகுதிகள் இப்படித்தான், ஏதோ ஒரு கட்சிக்கு எழுதி வைத்தது போல. அங்கெல்லாம் நவம்பர் வெறும் சடங்கு, உண்மையான தேர்தல் பிரைமரியில் முடிந்துவிடுகிறது. அதிலும் மேலிடம் கை வைத்தால் எங்களுக்கு மிஞ்சுவது என்ன?

கட்சித் தலைவர்கள் தனிப்பட்ட முறையில் யாரையும் ஆதரிக்கட்டும், மேடையேறிப் பேசட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. எதிர்க்கட்சியோடு போராட என்று எங்களிடம் வாங்கிய பணத்தை, நாங்கள் முடிவு செய்வதற்கு முன்பே எங்கள் தொகுதிக்குள் கொண்டுவந்து இறைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அதனால் இப்போது நான் தேசியக் குழுக்களுக்குப் பணம் தருவதில்லை. பிரைமரி முடிந்ததும், ஜெயித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கே நேரடியாக அனுப்பிவிடுகிறேன்.